நம் மழலையரும் பள்ளித் தண்டனையும்: ஒரு வரலாற்று நோக்கு

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்தாம் ஆண்டினை நிறைவு செய்து வெள்ளி விழாக் கொண்டாடும் இவ்வேளையில், மலர்க் குழுவினர் நம்மை அணுகி, நம் மக்களின் கல்வி பற்றி வரலாற்றுக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு கேட்டனர். பட்டம் பெற்றோர் பெயர்களும், அரசுப் பணி எய்தியோர் பட்டியலும், சங்கம் நடத்திய மாலை வகுப்புகளின் விவரமும் இம்மலரின் பிற பக்கங்களில் இடம்பெறுகின்றன. அவற்றை நாமும் பெருமிதத்தோடு படிப்போம். எனினும் அப்பட்டியல்களில் பெயர் இல்லாதார் பலர் உளர். நான்கு அல்லது ஐந்து வயதில் பள்ளி வாயிலை மிதித்து, ஓராண்டோ ஈராண்டோ கழித்து வீட்டோடு நின்றுவிட்டவர்களே அவர்கள். அவர்கள் ஏன் நின்றார்கள் என்று கேட்டால், ‘படிப்பு ஏறவில்லை’ என்பதே ஊரார் கூறும் விடை. ஆசிரியப் பணியில் இத்தனை ஆண்டு கழித்த நமக்கு அவ்விடையில் நம்பிக்கை இல்லை. எழுத்து ஏறுமா ஏறாதா என்று தெரிவதற்கு முன்னரே அப்பிள்ளைகளுள் பலர் அடிக்கும் அவமதிப்புக்கும் அஞ்சி ஓடினர். ஆதலின் நம் மக்கள் பெற்ற கல்வியின் வரலாற்றை விடுத்து, நம் மழலையர் பெற்ற தண்டனையின் வரலாற்றையே ஈண்டு எழுதத் துணிகிறோம்.

முதலில் நம் மலையைப் பார்ப்போம். சேர்வராயன் மலையில் காப்பிப் பயிர் 1820-களில் சேலம் ஆட்சியராக விளங்கிய காக்பர்ன் துரையால் புகுத்தப்பட்டது என்பதை நம் இளைஞர் அறிவர். தோட்டங்கள் பெருகின; கூலி வேலைக்குச் சமவெளியிலிருந்து நம் முன்னோர் மலையேறினர். மலைக்குரிய மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் ஒருபுறமும், தோட்டத்து லைன் வீடுகள் மறுபுறமுமாக ஏற்காடு உருவாயிற்று. குளிர் வெள்ளையர்க்கு இதமாக இருந்தமையால் அவர்தம் பிள்ளைகளுக்கென உறைவிடப் பள்ளிகளும் எழுந்தன. கன்னியர் நடத்தும் திரு இருதயப் பள்ளி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றியது. மான்ட்போர்ட் பள்ளி 1917 ஆம் ஆண்டில் தோன்றியது. நாடெங்கும் புகழ்பெற்ற அப்பள்ளிகளின் மணியோசையைக் கேட்டுக்கொண்டே நம் பாட்டிமார் காப்பிப் பழம் பறித்தனர்.

தோட்டத் தொழிலாளியின் கைக்குழந்தைக்குச் சட்டத்தின் வழியாக ஓர் இடம் கிடைத்தது விடுதலைக்குப் பின்னரே. 1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்களும் அதற்கு மேலும் வேலை செய்யும் தோட்டங்களில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் அமைக்க வேண்டுமென வகுத்தது. ஐம்பது பெண்கள் இல்லாத சிறு தோட்டங்களுக்கு அவ்விதி எட்டவில்லை. நாமும் ஒரு தோட்டத்துக் காப்பகத்தில் வளர்ந்தவரே. தகரக் கூரை, சாக்கு விரித்த தரை, ஓர் ஆயா. கார்த்திகை, மார்கழி மாதங்களில் பழம் பறிப்பு மும்முரமாக நடக்கையில் காலை இருட்டிலேயே அன்னையர் பிள்ளைகளை அங்கே விட்டுச் செல்வர். ஆயா நல்லவர், ஆனால் முப்பது பிள்ளைகளை ஒருவராக அடக்க வேண்டும். ஆகவே அவர் கையாண்ட கருவி ஒன்றே ஒன்று. “வாத்தியார் வரட்டும், இரு” என்பார். அக்காப்பகத்திற்கு எந்த வாத்தியாரும் ஒரு நாளும் வந்ததில்லை. ஆயினும் ‘வாத்தியார்’ என்னும் சொல்லை எழுத்தறிவிப்பவர் என்னும் பொருளில் அறிவதற்கு முன்பே அடிப்பவர் என்னும் பொருளில் அறிந்துகொண்டோம்.

இவ்வச்சம் ஆயாவின் கற்பனையில் பிறந்ததன்று. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. நெடுங்காலம் வரை பள்ளிக்கூடம் நம் பிள்ளைகளை அடிக்கவே இல்லை. உள்ளே விட்டால்தானே அடிப்பதற்கு! 1856 ஆம் ஆண்டு சூன் திங்களில், அந்நாள் பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த தார்வாரில், மகர் குலத்துச் சிறுவன் ஒருவன் அரசுப் பள்ளியில் தன்னைச் சேர்த்துக்கொள்ளுமாறு விண்ணப்பித்தான். ஒரு பிள்ளைக்காகப் பிற பிள்ளைகள் எல்லாம் விலகிப் போவதை ஏற்க இயலாது எனக் கருதிய மாகாண அரசு அவனுக்கு இடம் மறுத்தது. இவ்வழக்கு இலண்டன் வரை சென்றது. அரசு நடத்தும் பள்ளிகள் எல்லா வகுப்பினர்க்கும் உரியவை என 1858-இல் கம்பெனியின் இயக்குநர் அவை அறிவித்தது. 1882 ஆம் ஆண்டின் அண்டர் குழுவும் அவ்வாறே பரிந்துரைத்தது. எனினும் எதிர்ப்பு உள்ள இடங்களில் தனிப் பள்ளி வைத்துக்கொள்ளலாம் எனவும் சேர்த்துக்கொண்டது. சட்டம் ஒன்றைக் கூறும், ஊர் வேறொன்றைச் செய்யும் என்னும் நிலை அன்றே தொடங்கிவிட்டது.

நம் சென்னை மாகாணத்தின் நிலையை ஒரே கணக்கு காட்டிவிடும். 1919 ஆம் ஆண்டில் அரசு திரட்டிய விவரப்படி, பொது நிருவாகத்தில் இருந்த 8,157 பள்ளிகளில் நம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவை 609 மட்டுமே. மற்றப் பள்ளிகள் அக்கிரகாரத்திலும் கோயிலை ஒட்டியும் ஊர்ச் சாவடியிலும் இருந்தன. நம் பிள்ளை நடக்கக்கூடாத தெருவில் நம் பிள்ளைக்குப் பள்ளி இருந்து பயன் என்ன? இதற்கு மாற்றாகவே தொழிலாளர் துறையின் கீழ்த் தனிப் பள்ளிகள் திறக்கப்பட்டன. இன்றைய ஆதி திராவிடர் நலப் பள்ளிகளின் முன்னோடிகள் அவையே.

கதவு திறந்த இடங்களில் உள்ளே என்ன நடந்தது என்பதை இரு பெரியோர் தம் கைப்பட எழுதி வைத்துள்ளனர். 1859-இல் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் கோயமுத்தூரில் பயின்றவர். ஏறக்குறைய நானூறு மாணவர்களுள் பத்துப் பேர் நீங்கலாக மற்றெல்லாரும் பிராமணர். தம் சாதியும் குடியிருக்கும் இடமும் வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சி, பள்ளி மணி அடிக்கும் வரை வெளியே ஓரிடத்தில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்து, மணியடித்த பின்னரே உள்ளே நுழைந்ததாகவும், பிற பிள்ளைகளோடு விளையாடாமல் ஒதுங்கியிருந்ததாகவும் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் கூறுகிறார். இக்காலத்து ஆசிரியர் அப்பிள்ளையைக் கண்டால் என்ன சொல்லியிருப்பார்? ‘யாரோடும் சேரமாட்டான், வழிபாட்டுக்கு வரமாட்டான், ஒழுங்கில்லாதவன்’ என்று குறிப்பு எழுதியிருப்பார் அன்றோ?

மற்றவர் டாக்டர் அம்பேத்கர். சாத்தாராவில் பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது, வகுப்பின் மூலையில் தனியே ஒரு சாக்குத் துண்டின்மேல் அமர்ந்தார். பள்ளியைக் கூட்டும் ஏவலாள் அச்சாக்கைத் தொடமாட்டான். ஆகையால் மாலையில் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று காலையில் மீண்டும் கொண்டுவர வேண்டும். தாகம் எடுத்தால் ஆசிரியரிடம் அனுமதி பெற வேண்டும். அதன்பின் பள்ளிச் சேவகன் குழாயைத் திறந்துவிட வேண்டும். சேவகன் வராத நாளில் தண்ணீர் இல்லை. இங்கே யாரும் பிரம்பை எடுக்கவில்லை என்பதை நம் இளைஞர் உற்று நோக்குதல் வேண்டும். பள்ளியின் ஒழுங்குமுறையே தண்டனையாக அமைந்திருந்தது. அவ்வொழுங்கைக் காத்து நின்றவர் ஆசிரியர்.

மழலையர் கல்வி என்று வரும்போது சென்னை அடையாற்றின் வரலாறு தனியே எண்ணத்தக்கது. கர்னல் ஆல்காட் 1894-இல் அங்கே பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பண்டிதர் அயோத்திதாசர் போன்றோர் அவரோடு தொடர்பு கொண்டு நம் மக்களின் கல்விக்கு வழிகோலிய காலம் அது. அப்பள்ளிகளுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த ஆசிரியைகள், ஆடியும் பாடியும் மண்ணைப் பிசைந்தும் கற்கும் கிண்டர்கார்டன் முறையைக் கொண்டுவந்தனர். அவர்களுள் கோர்ட்ரைட் அம்மையார் தாம் கற்பித்த விதத்தை 1906-இல் நூலாகவும் எழுதினார். செல்வர் பிள்ளைகளுக்கே உரியதெனக் கருதப்பட்ட புதுமுறைக் கல்வி இந்நாட்டில் சேரிப் பிள்ளைகளிடம் அவ்வளவு முன்னதாகவே வந்து சேர்ந்தது என்பது பலர் அறியாத செய்தி. ஆல்காட் 1907-இல் மறைந்தார். அவருக்குப் பின் பிரம்ம ஞான சபையின் தலைமையேற்ற அன்னி பெசன்ட் அம்மையார், ஈராண்டு கழித்து 1909-இல் ‘இந்தியன் ரிவியூ’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு முதலில் தூய்மையும் நல்ல நடத்தையும் கற்பிக்க வேண்டும் என்றும், அவர்தம் உடலே தலைமுறை தலைமுறையாக உணவாலும் மதுவாலும் கெட்டது என்றும், மேல்சாதிப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் அவர்களை அமர்த்துதல் ஆகாது என்றும் அதில் வாதிட்டார். டாக்டர் அம்பேத்கர் 1945 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் அக்கட்டுரையை எடுத்துக்காட்டி விடை கூறியுள்ளார்.

ஒரே தோட்டத்து மரநிழலில், ஒரே பிள்ளைகளைக் கண்ட இரு வேறு பார்வைகள் இவை. ஒருவர் பிள்ளையின் கையில் களிமண்ணைக் கொடுத்து என்ன செய்கிறது என்று பார்த்தார். மற்றவர் அக்கையில் அழுக்கு இருக்கிறதா என்று பார்த்தார். பிற்காலத்தில் நம் பள்ளிகளில் நிலைத்தது இரண்டாவது பார்வையே என்பதை எண்ணும்போது நெஞ்சம் வருந்துகிறது. ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிய எம்.சி. இராசா, இரங்கநாயகி அம்மாளோடு இணைந்து ‘கிண்டர்கார்டன் ரூம்’ என்னும் மழலையர் நூலை ஆக்கினார். 1922-இல் சட்டமன்றத்தில் போராடிப் ‘பறையர்’, ‘பஞ்சமர்’ என்னும் பெயர்களை ஆவணங்களிலிருந்து நீக்கி ‘ஆதி திராவிடர்’ என்னும் பெயரை நிலைநாட்டிய அதே தலைவர், மழலையர்க்குப் பாட்டுப் புத்தகம் செய்யவும் நேரம் ஒதுக்கினார். சிதம்பரத்தில் சகஜானந்த அடிகள் 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். இவர்கள் வரலாற்றை நம் இளைஞர் தனியே படித்தறிதல் நலம்.

நிற்க. விடுதலைக்குப் பின் கதவுகள் திறந்தன என்பதை மறுப்பதற்கில்லை. 1956-இல் பெருந்தலைவர் காமராசர் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1975-இல் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 1982 சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுப் பிள்ளையையும் பள்ளி நிழலுக்கு அழைத்து வந்தது. இன்று தமிழகத்தில் 54,000-க்கு மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. நம் பிள்ளைகள் பள்ளிக்கு வராத காலம் போய்விட்டது. வெளியே நிறுத்திய கை பிள்ளைகள் உள்ளே வந்தபின் என்ன செய்தது என்பதே அடுத்த கேள்வி.

1995 ஆம் ஆண்டு நம் சேலம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்ததை மூத்தோர் மறந்திரார். தொடக்கப் பள்ளியில் பயின்ற நம் இனத்துச் சிறுமி ஒருத்தி, பிற சாதிப் பிள்ளைகளுக்கென வைத்த பானையிலிருந்து நீர் அருந்தினாள் என்று ஆசிரியர் அடித்தார். அவள் ஒரு கண்ணின் பார்வையை இழந்தாள். சாத்தாராவின் குழாய்க்கும் சேலத்தின் பானைக்கும் இடையே ஒரு நூற்றாண்டு ஓடியிருந்தது. அரசியலமைப்புச் சட்டம் வந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. நம் சங்கத்தைத் தொடங்கிய பெரியவர்கள் தம் முதற் கூட்டத்தில் பேசியது பட்டப் படிப்பைப் பற்றியன்று, அச்சிறுமியைப் பற்றியே என்பது அக்கூட்டத்தில் ஓரத்தில் அமர்ந்திருந்த நமக்கு நன்கு நினைவிருக்கிறது.

அத்தகைய கொடுமைகள் செய்தித்தாளில் வருகின்றன, வழக்கும் பதிவாகிறது. 2022-இல் ஈரோடு மாவட்டத்தில் நம் பிள்ளைகளைக் கழிவறை தூய்மை செய்ய வைத்ததாகத் தலைமையாசிரியை ஒருவர் கைது செய்யப்பட்டார். ஆனால் எந்தச் செய்தித்தாளிலும் வாராத தண்டனைகளே மிகுதி. அவற்றுக்குச் சாதியின் பெயர் இராது. ‘சுத்தம்’, ‘நேரம்’, ‘ஒழுங்கு’ என்னும் நல்ல பெயர்களே இருக்கும்.

நாம் முதல் வகுப்பில் பயின்ற 1970-களின் இடைப்பகுதியில், திங்கட்கிழமைதோறும் நகச் சோதனை நடக்கும். லைன் வீட்டுப் பிள்ளைகள் முதலில் முன்னே வர வேண்டும். பழம் பறிக்கும் காலத்தில் அன்னையர்க்குத் துணையாகக் கூடையைப் பிடித்த பிள்ளைகளின் விரல்களில் காப்பிப் பழத்தின் கறை படிந்திருக்கும்; எத்தனை தேய்த்தாலும் நான்கு நாள் போகாது. அக்கறைக்கு அடி உண்டு. கடைத்தெருப் பிள்ளைகளின் விரல்களில் மைக்கறை இருக்கும். அது படிக்கும் பிள்ளையின் அடையாளம் எனப்பட்டது. தாமதமும் அவ்வாறே. பனிமூட்டத்தில் மூன்று கல் தொலைவு நடந்து வரும் பிள்ளையும், பள்ளிக்கு எதிர்வீட்டிலிருந்து வரும் பிள்ளையும் ஒரே மணிக்கு வந்து நிற்க வேண்டும். வாராதவன் முட்டிபோட வேண்டும். மலையாளி இனத்துப் பிள்ளைகளும் நம்மோடு முட்டிபோட்டனர். விதி எல்லார்க்கும் பொதுவானதே. ஆனால் முட்டியிட்டவர் யாவரும் ஒரே பக்கத்திலிருந்து வந்தவராக இருந்தோம்.

நம் நாட்டில் சாதி செய்யும் இவ்வேலையை அமெரிக்க நாட்டில் நிறம் செய்கிறது. அங்கே நான்கு வயதுப் பிள்ளையையும் குறும்பு செய்தான் என்று சில நாள்கள் பள்ளியைவிட்டு நிறுத்தி வைக்கும் வழக்கம் உண்டு. 2011-12 கல்வியாண்டைப் பற்றி அந்நாட்டு அரசு 2014-இல் வெளியிட்ட கணக்கின்படி, மழலையர் பள்ளிப் பிள்ளைகளுள் கறுப்பினத்தவர் நூற்றுக்கு 18 பேர். ஒரு முறைக்கு மேல் நிறுத்தி வைக்கப்பட்ட பிள்ளைகளிலோ அவர்கள் நூற்றுக்கு 48 பேர். இக்கணக்கு வெளிவந்தபின், யேல் பல்கலைக்கழகத்து அறிஞர் வால்டர் கில்லியம் 2016-இல் ஒரு சோதனை செய்தார். மழலையர் பள்ளி ஆசிரியர்களை அமர்த்தி, நான்கு குழந்தைகள் விளையாடும் படக்காட்சியைக் காட்டினார். இருவர் கறுப்பினச் சிறுவனும் சிறுமியும். இருவர் வெள்ளையினச் சிறுவனும் சிறுமியும். யார் குறும்பு செய்யப்போகிறார்கள் என்று கவனியுங்கள் என்றார். உண்மையில் அப்படத்தில் எக்குழந்தையும் குறும்பு செய்யவில்லை. ஆசிரியர்களின் கண் எங்கே செல்கிறது என்பதைக் கருவி ஒன்று அளந்துகொண்டிருந்தது. கண்கள் கறுப்பினச் சிறுவனையே மிகுதியாக நாடின. கறுப்பின ஆசிரியர்களின் கண்களும் அதற்கு விலக்காகவில்லை.

பிள்ளைகள் எல்லாரும் குறும்பு செய்பவர்களே. எவன்மேல் கண் இருக்கிறதோ அவன் குறும்பே கண்ணில் படும்; கண்ணில் பட்டதே தண்டனைக்கு உள்ளாகும். திங்கட்கிழமை நகச் சோதனையில் லைன் வீட்டுப் பிள்ளை முதலில் அழைக்கப்பட்டதன் பொருள் நமக்கு இச்சோதனையைப் படித்தபின்பே முழுதும் விளங்கிற்று.

அமெரிக்காவுக்கும் நமக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே பிள்ளையை நிறுத்தி வைத்தால் ஏட்டில் பதிவாகிறது. ஆகவே கணக்கெடுக்க முடிகிறது. நம் நாட்டில் நான்கு வயதுப் பிள்ளையை எவரும் நீக்குவதில்லை. பிள்ளை தானே நின்றுவிடுகிறது. வருகைப் பதிவேட்டில் சில நாள் வராதவன் என்று குறிப்பர். பின் பெயரை அடித்துவிட்டு ‘இடைநின்றவர்’ என்று எழுதுவர். நின்றது பிள்ளையின் செயலாகிவிடுகிறது. நிறுத்தியவர் யாரென்பதற்கு அப்பதிவேட்டில் கட்டமே இல்லை.

நம் நாட்டிலும் இத்தகைய ஆய்வுகள் நடவாமலில்லை. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் பொருளியல் அறிஞர்கள் உத்தரப் பிரதேசத்துச் சிற்றூர்களில் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்க்குப் புதிர்ப்பாதைகளைக் கொடுத்து விடுவிக்கச் சொன்னார்கள். சாதி வெளிப்படாதபோது மேல்சாதிப் பிள்ளைகளும் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளும் ஏறத்தாழச் சமமாகவே விடுவித்தனர். ஒவ்வொருவர் பெயரையும் சாதியையும் எல்லார் முன்னிலையிலும் படித்துவிட்டுத் தொடங்கியபோது, தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் விடுவித்த எண்ணிக்கை குறைந்தது. 2006-இல் வெளிவந்த இம்முடிவைப் படித்தபோது, நம் வகுப்புகளில் ‘எஸ்.சி. பிள்ளைகள் எல்லாம் எழுந்து நில்லுங்கள், உதவித்தொகைக்குக் கையெழுத்து வேண்டும்’ என்று உரத்துக் கூவும் வழக்கம் நினைவுக்கு வந்தது. உதவித்தொகை நம் உரிமை. அதை வழங்கும்போதே பிள்ளையைக் குறுகச் செய்ததும் நாம் கண்கூடாகக் கண்டதே.

இதுவரை பிறரைப் பற்றி எழுதினோம். இனி எழுத வேண்டுவது நம்மைப் பற்றி. அதனை மறைத்துவிட்டால் இக்கட்டுரைக்கு மதிப்பில்லை. 1990-களின் இறுதியில், பணியேற்ற புதிதில், நாம் ஒரு தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்பை நடத்தினோம். ஒரு நாள் ஒரு சிறுமியின் ஐந்து ரூபாய் காணாமற் போயிற்று. நாம் எழுந்தோம், நேரே நம் தெருவைச் சேர்ந்த பையன் ஒருவனிடம் சென்று அவன் பையைக் கவிழ்த்தோம். வகுப்பில் நாற்பது பேர் இருந்தனர். அவனிடம் ஏன் முதலில் சென்றோம் என்று யாரும் அப்போது கேட்கவில்லை. நாமும் நம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவன் பையில் ஒரு சிலேட்டுத் துண்டும் வேகவைத்த கிழங்கும் இருந்தன. பணம் அச்சிறுமியின் நோட்டுப் புத்தக மடிப்பிலேயே கிடைத்தது. பையன் அழவில்லை. அடுத்த திங்களன்று வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நாம் அவன் வீட்டுக்குச் சென்றபோது, உறவு முறையில் நமக்குத் தங்கையாகும் அவன் தாய் வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்: “அண்ணா, மத்தவங்க செஞ்சா நம்ம தலையெழுத்துன்னு இருப்போம். நீங்களே செஞ்சா நாங்க எங்க போவோம்?”

விடை கூற இயலவில்லை. பன்முறை சென்று வேண்டியபின் அவன் மீண்டும் வந்தான், ஐந்தாம் வகுப்பு வரை இருந்தான், அதற்குமேல் இல்லை. நாம் ஏன் அவ்வாறு செய்தோம் என்று பின்னர் நெடுநாள் எண்ணிப் பார்த்தோம். நம் இனத்து ஆசிரியர் நம் பிள்ளைகளுக்குச் சலுகை காட்டுகிறார் என்று பிறர் சொல்லிவிடக் கூடாது என்னும் அச்சம் ஒன்று. நம் பிள்ளைகள் கெட்ட பெயர் எடுத்துவிடக் கூடாது என்னும் ஆற்றாமை மற்றொன்று. இவையிரண்டும் உண்மையே. ஆனால் இவற்றிற்கும் அடியில், நம்மைப் பார்த்த கண்களாலேயே நாமும் பார்க்கப் பழகிவிட்டோம் என்பதே பேருண்மை. ரீமா ஹன்னா, லே லிண்டன் என்னும் ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வும் இதனையே காட்டுகிறது. இந்திய ஆசிரியர்களிடம் விடைத்தாள்களைக் கொடுத்து, அவற்றின்மேல் மாணவரின் சாதியை மாற்றி மாற்றி எழுதித் திருத்தச் செய்தனர். தாழ்ந்த சாதி என்று எழுதப்பட்ட தாள்களுக்கு மதிப்பெண் சிறிது குறைந்தது. அவ்வாறு குறைத்தவர் பெரும்பாலும் மேல்சாதி ஆசிரியர் அல்லர்; தாழ்ந்த சாதி ஆசிரியர்களே. இதனைப் படித்து நாம் வியப்படையவில்லை.

சட்டங்களைப் பற்றியும் சிறிது கூறுவோம். தமிழகக் கல்வி விதிகள் 2003-இல் திருத்தப்பட்டுப் பிள்ளைகளை அடித்தல் தடை செய்யப்பட்டது. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் 17 ஆம் பிரிவால் உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடுத்தது. ஆனால் அச்சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கே உரியது. அங்கன்வாடியிலும் மழலையர் வகுப்பிலும் இருக்கும் மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றனர். 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பொறுப்பிலுள்ள பிள்ளையைக் கொடுமைப்படுத்துவோர்க்குத் தண்டனை விதிக்கிறது. அது எல்லா வயதுப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். நம் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய சட்டம் அது. 2023 ஆகத்து திங்களில் நாங்குநேரியில் நம் மாணவர் ஒருவர் வீடு புகுந்து வெட்டப்பட்டபின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 சூனில் அறிக்கை அளித்தது. மாணவரை அகரவரிசைப்படி அமர்த்துதல், உதவித்தொகை விவரத்தைப் பிறர் முன்னிலையில் கூறாதிருத்தல், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குதல் முதலியன அதன் பரிந்துரைகள். அறிக்கை பெரும்பாலும் வளர்ந்த மாணவரை எண்ணி எழுதப்பட்டது. எந்தப் பிள்ளை தனியே அமர வேண்டும் என்பது முடிவாவது அதற்குப் பத்தாண்டு முன்னரே, பாய் விரிக்கும் இடத்தில் என்பது நம் கருத்து.

நாம் தலைமையாசிரியர் பொறுப்பேற்றபின் ஒரு சிறு காரியம் செய்தோம். பள்ளியில் யாரேனும் ஒரு பிள்ளையை நிற்க வைத்தாலோ, முட்டிபோட வைத்தாலோ, பையைச் சோதித்தாலோ, வெளியே அனுப்பினாலோ, அதனை ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்று வைத்தோம். பிள்ளையின் பெயர், செய்த குற்றம், அதே குற்றத்தை அன்று வேறு எவரேனும் செய்தனரா என்பன மூன்று கட்டங்கள். மூன்றாவது கட்டத்தை நிரப்புவதற்கு ஆசிரியர்கள் முதலில் சினந்தனர். ‘நம்பிக்கை இல்லையா, ஐயா?’ என்றும் கேட்டனர். முதற் பக்கத்தில் நாம் நம் பெயரையே எழுதி, அந்த ஐந்து ரூபாய்க் கதையை மூன்று கட்டங்களிலும் நிரப்பிக் காட்டினோம். அதன்பின் அவர்கள் எழுதினர். ஒரு பருவம் கழித்துப் பார்த்தபோது தாமதத்திற்காக நின்றவருள் பெரும்பாலோர் இரண்டு தோட்டங்களின் லைன் வீடுகளிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்தது. அத்தோட்டங்களின் வழியே வரும் பேருந்து பள்ளி மணிக்குப் பத்து நிமிடம் பின்னரே வருகிறது என்பதும் தெரிந்தது. அன்று முதல் அப்பிள்ளைகள் நேரே வகுப்புக்குச் சென்று அமர்கின்றனர். அவர்கள் வருகையும் முழு வருகையாகவே பதிவாகிறது.

சங்கத்தின் மழலையர் வகுப்பில் பணிபுரியும் நம் பெண்கள் இருவர் அக்குறிப்பேட்டைக் காண விரும்புவதாகச் செயலாளர் தெரிவித்தார். அது நம் மேசையின் இடப்பக்க இழுப்பறையில் உள்ளது. பள்ளி நாள்களில் மாலை நான்கரை மணிக்குப் பின் எப்போது வேண்டுமாயினும் வந்து பார்க்கலாம்; எடுத்துச் சென்று படியெடுத்துக் கொண்டு திருப்பித் தரவும் தடையில்லை.